அச்சுக்கு முன்பணம்: சிறு பொம்மை நிறுவனங்களும் சேகரிப்பாளர்களும்

ஆறு அங்குல உயரமுள்ள ஓர் ஆக்‌ஷன் ஃபிகரை, அதாவது கை கால் மூட்டுகளை அசைக்கக்கூடிய பொம்மை உருவத்தை, கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது முகம். அடுத்து வண்ணப்பூச்சு, அதன்பின் மூட்டுகள். அதன் ஒவ்வொரு துண்டையும் வார்த்தெடுத்த எஃகு அச்சு மட்டும் கண்ணில் படாது. சிறு பொம்மை நிறுவனங்களும் சேகரிப்பாளர்களும் ஏன் இவ்வளவு நெருங்கிப் பழகுகிறார்கள், ஏன் அவ்வப்போது கடுமையாக மோதிக்கொள்கிறார்கள் என்பதற்கெல்லாம் வேர் அந்த அச்சில்தான் இருக்கிறது.

இந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவை தென் சீனாவின் டோங்குவான், ஷென்ஜென் வட்டார ஆலைகளில் உருவாகின்றன. உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தி, ஆறவைத்து வெளியே எடுக்கிறார்கள். தலை, மார்பு, புயம், முன்கை, இடுப்பு, தொடை, கணுக்கால், வாள், உறை என்று ஒரே உருவத்துக்குப் பல துண்டுகள் வேண்டும். அத்தனைக்கும் அச்சு வெட்டப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். கணக்குக்காக 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று லட்சம் பொம்மைகள் விற்கும் பெருநிறுவனத்துக்கு, ஒரு பொம்மையின் மேல் விழும் அச்சுச் செலவு 20 சென்ட். மூவாயிரம் பொம்மைகள் மட்டுமே விற்கக்கூடிய சிறு நிறுவனத்துக்கு அதே செலவு 20 டாலர். பிளாஸ்டிக், சாயம், கூலி, பெட்டி, கப்பல் வாடகை எதுவும் இதில் சேரவில்லை.

நான்கைந்து பேர் மட்டும் இருக்கும் நிறுவனத்திடம் இந்தப் பணம் இருக்காது. யாரும் கேள்விப்படாத ஒரு கற்பனை வீரனின் பொம்மைக்காக வங்கி கடன் கொடுப்பதும் அரிது. மிச்சம் இருப்பவர் சேகரிப்பாளர் ஒருவர்தான். பொம்மை பிறப்பதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே, சில சமயம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அவர் பணம் கட்டுகிறார். பணம் கட்டியவர் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் ஒரு சிறு நிறுவனத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு.

பொருள் தயாராகும் முன்பே பணம் வாங்குவது புதிய வழக்கமல்ல. 1977ஆம் ஆண்டில் ஸ்டார் வார்ஸ் திரைப்படம் பெருவெற்றி பெற்றபோது, கிறிஸ்துமஸுக்கு விற்க கென்னர் நிறுவனத்திடம் அதன் பொம்மைகள் தயாராக இல்லை. அட்டை உறைக்குள் ஒரு சான்றிதழை வைத்து விற்றார்கள். அதை அஞ்சலில் அனுப்பியவர்களுக்கு அடுத்த ஆண்டில் நான்கு பொம்மைகள் வந்து சேர்ந்தன. ஆனால் கென்னருக்குப் பின்னால் ஜெனரல் மில்ஸ் என்ற பெரிய உணவு நிறுவனம் இருந்தது. சான்றிதழை வாங்கிய குடும்பங்களுக்கு அந்தப் பொம்மையை வடிவமைத்தவர் யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. இன்று முன்பதிவு செய்கிறவருக்குச் சிற்பியின் பெயர் தெரியும், அவர் முன்பு எங்கே வேலை பார்த்தார் என்பது தெரியும், அவருடைய கைவண்ணத்தில் முகங்கள் நன்றாக வரும், கால்கள் சற்றுக் குட்டையாகப் போய்விடும் என்பதுகூடத் தெரியும்.

இந்த மாற்றத்துக்கு இரண்டு படிகள் உண்டு. காமிக்ஸ் ஓவியர் டாட் மெக்ஃபார்லேன் 1994இல் தொடங்கிய நிறுவனம், குழந்தைகளின் விளையாட்டுக்கு என்பதைவிட, பெரியவர்கள் அலமாரியில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு நுணுக்கமான உருவங்களை விற்க முடியும் என்று காட்டியது முதல் படி. அங்கே பயின்ற சிற்பிகள் நால்வர் 1999இல் வெளியேறி ஃபோர் ஹார்ஸ்மென் என்ற சிற்பக்கூடத்தைத் தொடங்கினார்கள். மேட்டல் என்ற பெரிய பொம்மை நிறுவனத்துக்காக மாஸ்டர்ஸ் ஆஃப் த யூனிவர்ஸ் என்ற கற்பனை வீரர் வரிசையின் உருவங்களைச் செதுக்கிக் கொடுத்தபடியே, தங்கள் சொந்தப் படைப்புகளையும் சிறிய அளவில் வெளியிட்டார்கள். 2000களின் நடுவிலேயே, அடுத்து எந்த உருவத்தைத் தயாரிக்கலாம் என்று ரசிகர்களிடமே வாக்குக் கேட்டார்கள். அப்படி வென்று வந்ததுதான் காளைத் தலை கொண்ட ஸெதியஸ்.

இரண்டாவது படி, கிக்ஸ்டார்ட்டர். 2009இல் தொடங்கிய அந்த இணையத்தளம், முன்பணம் திரட்டும் வேலையை ஒரு சாதாரண பழக்கமாக்கியது. பொம்மைப் பெருநிறுவனமான ஹாஸ்ப்ரோவில் பணியாற்றியவர்கள் சேர்ந்து 2012இல் அமைத்த பாஸ் ஃபைட் ஸ்டூடியோ, நான்கு அங்குல கிரேக்கப் புராண வீரர்களுக்காக அங்கே பணம் திரட்டியது. ஃபோர் ஹார்ஸ்மென் 2015இல் மித்திக் லெஜியன்ஸ் என்ற இடைக்காலக் கற்பனைப் படைகளைக் கொண்டுவந்தது. 2016இல் டேவிட் சில்வா என்ற சிற்பி, இறகுள்ள ராப்டர் டைனோசார்களை ஆறில் ஒரு பங்கு அளவில் செய்ய முன்வந்தார். இம்மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றைப் பெரிய கடைச்சங்கிலிகளில் கொண்டுபோய் அடுக்கியிருந்தால் வாங்க ஆள் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சில ஆயிரம் பேரை நேரடியாகச் சென்றடைய முடிந்ததால் அவை பிழைத்தன.

அச்சுச் செலவின் நெருக்கடி, பொம்மையின் உடலமைப்பையே மாற்றிவிட்டது என்பதைத்தான் நான் மிகவும் வியந்து பார்க்கிறேன். மித்திக் லெஜியன்ஸ் உருவத்தின் தலை, தோள்கவசம், கை, கால் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. ஒரு வீரனின் மார்புக்கவசம் எலும்புக்கூட்டுப் படையிலும் வரும், வேறு நிறத்தில் ஓர்க் என்ற அரக்கர் படையிலும் வரும். நிறுவனத்துக்கு இது சிக்கனம்: ஒருமுறை வெட்டிய அச்சிலிருந்து பத்து வகை உருவங்கள் கிடைக்கின்றன. சேகரிப்பாளருக்கோ இது சுதந்திரம். நான்கு பொம்மைகளை வாங்கிப் பிரித்துப் போட்டு, நிறுவனம் கனவிலும் காணாத ஐந்தாவது வீரனை அவர் உருவாக்கிக்கொள்கிறார். அந்த ஐந்தாவது வீரனின் படம் நிறுவனத்தின் பார்வைக்குப் போகிறது. இதே நிறச் சேர்க்கையைப் பலரும் செய்து பார்ப்பதைக் கவனிக்கும் நிறுவனம், அதை அடுத்த வரிசைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாங்குகிறவரின் மேசை வடிவமைப்புக் கூடத்தின் நீட்சியாகிவிடுகிறது.

ஒனெல் டிசைன் என்ற சிறு நிறுவனம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. அதன் கிளையோஸ் உருவங்களில் இணைப்பு முளைகள் ஒரு பொது அளவுமுறையில் அமைந்தவை. அந்த அளவுக்குப் பொருந்தும்படி வேறு சிறு தயாரிப்பாளர்களும் தங்கள் பொம்மைகளைச் செய்தார்கள். ஒருவருடைய ரோபோவின் கை மற்றவருடைய அசுரனின் தோளில் சிக்கென்று பொருந்தும். போட்டியாளர்களாக இருந்திருக்க வேண்டியவர்கள் ஒரே முளையால் கூட்டாளிகளானார்கள். சேகரிப்பாளருக்கு ஒருவரிடம் வாங்கியது இன்னொருவரிடம் வாங்கத் தூண்டுதலாக அமைந்தது. பாஸ் ஃபைட் ஒரே நிறத்தில் வார்த்த வெறும் உடல்களைத் தனியாக விற்றதும் இந்த வழியில்தான்: நாங்கள் பாதி தருகிறோம், மீதியை நீங்கள் செய்துகொள்ளுங்கள்.

இனி, பெட்டியைத் திறந்த பிறகு நடப்பதைப் பார்க்கலாம். அனுபவமுள்ள சேகரிப்பாளர் புதுப் பொம்மையின் முழங்காலை எடுத்த எடுப்பில் மடக்க மாட்டார். ஆலையில் பூசிய வண்ணம் மூட்டுக்குள் கசிந்து காய்ந்திருந்தால் மூட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பலத்தைக் காட்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய முளை முறுக்கிக்கொண்டு ஒடிந்துவிடும். அவர் காலை வெந்நீரில் சற்று நேரம் அமிழ்த்துவார், பிளாஸ்டிக் இளகியதும் மெல்ல முன்னும் பின்னும் அசைப்பார், ஒட்டு விட்டதும் குளிர்ந்த நீரில் நனைத்து எடுப்பார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் மூட்டு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது எளிதில் விரிசல் விடும். ஆயிரம் பேர் இப்படிக் கையாளும்போது, எந்த ஆலைப் பரிசோதகரும் திரட்ட முடியாத தகவல் திரள்கிறது. சாம்பல் நிறக் கவசம் அணிந்த வீரனுக்கு மட்டும், இடது முழங்கால் மட்டும், அதுவும் இரண்டாம் தவணையில் வந்தவற்றில் மட்டும் ஒட்டுகிறது என்று தெரிந்தால், தவறு அச்சிலா, சாயத்திலா, பொருத்தியவர்களின் அவசரத்திலா என்று நிறுவனம் ஊகித்துவிடலாம்.

நல்ல சிறு நிறுவனம் இந்தத் தகவலை மதிக்கிறது. மாற்றுக் கால்களை அனுப்புகிறது, அடுத்த தயாரிப்பில் முளையைத் தடிமனாக்குகிறது, தடிமனாக்கியதை வெளிப்படையாகவும் சொல்கிறது. உடைந்த பொம்மைக்கு மாற்றுப் பொம்மை தருவது அதற்கு எளிதல்ல. மூவாயிரம் செய்தவரிடம் உபரியாக ஐம்பது அறுபது இருந்தால் பெரிது. அதனால்தான் உதிரிக் கை, கால்களைக் கூடுதலாக வார்த்து வைத்துக்கொள்கிறார்கள். இந்த முன்யோசனை உள்ளவர்களை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

தாமதம் வேறு வகைச் சோதனை. சிற்பம் முடிந்து, அச்சு வெட்டி, சோதனை வார்ப்பு வந்து, வண்ண மாதிரி ஒப்புக்கொள்ளப்பட்டு, உற்பத்தி நடந்து, கப்பல் ஏறி வந்து சேர்வதற்குள் எத்தனையோ இடத்தில் நாள் நழுவும். சீனப் புத்தாண்டின்போது ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். ஊருக்குப் போன தொழிலாளர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. பெருநிறுவனத்தின் லட்சக்கணக்கான பொம்மைகளுக்கான ஆர்டர் வந்தால், மூவாயிரத்துக்கான ஆர்டர் வரிசையின் பின்னால் தள்ளப்படும். கொரோனா காலத்தில் கன்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியபோது, தயாரான பொம்மைகளும் துறைமுகத்தில் காத்துக் கிடந்தன.

இதில் எதுவும் சேகரிப்பாளர்களுக்குத் தெரியாததல்ல. "ஆலையிலிருந்து விரைவில் நல்ல செய்தி வரும்" என்ற ஒற்றை வரியை மாதக்கணக்கில் திருப்பித் திருப்பிப் போடும்போதுதான் அவர்களுக்குக் கோபம் வருகிறது. "முன்கை அச்சின் விளிம்பில் பிளாஸ்டிக் கசிகிறது, அச்சைத் திருத்த மூன்று வாரம் ஆகும், கசிவைப் படத்தில் காணலாம்" என்று சொல்லும் நிறுவனத்திடம் அவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்குப் பொறுமை காட்டுகிறார்கள். சோதனை வார்ப்பு என்பது ஆலையில் கைவசம் இருக்கும் ஏதோ ஒரு நிறப் பிளாஸ்டிக்கில், வண்ணம் பூசாமல் எடுக்கப்படும் முதல் மாதிரி. போர்வீரன் இளஞ்சிவப்பில் வந்து நிற்பான். அந்த அலங்கோலமான படத்துக்குக் கிடைக்கும் வரவேற்பு, பளபளப்பான விளம்பரப் படத்துக்குக் கிடைப்பதில்லை. கட்டிய பணம் எஃகாக மாறிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லா நிறுவனங்களாலும் இப்படி மனம்திறந்து பேச முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். திரைப்படம், காமிக்ஸ், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் பாத்திரங்களை உரிமம் பெற்றுச் செய்பவர்கள், முகத்தின் சாயல் முதல் பெட்டியின் எழுத்து வரை எல்லாவற்றுக்கும் உரிமையாளரின் ஒப்புதல் பெற வேண்டும். அதற்கு முன் வாய் திறந்தால் ஒப்பந்த மீறல். சேகரிப்பாளர் கேட்கிறார், நிறுவனம் மௌனம் சாதிக்கிறது, அந்த மௌனம் திமிராகத் தெரிகிறது. சொந்தக் கற்பனையில் உருவங்கள் செய்பவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. பென்சில் கோட்டோவியத்தைக்கூடக் காட்டிக் கருத்துக் கேட்கலாம். ஆனால் யாருக்கும் தெரியாத பாத்திரத்தை மனதில் பதியவைக்கும் பாடு முழுவதும் அவர்களுடையது.

உரிமம் பெற்றவர்களால் செய்ய முடிந்த ஒரு காரியம் உண்டு, அதுவும் சேகரிப்பாளர்களின் நினைவாற்றலால் நடந்தது. 1979இல் வெளியான ஏலியன் படத்துக்காக கென்னர் சிறிய அளவுப் பொம்மைகளைத் திட்டமிட்டு, மாதிரிகள் செய்து, விற்காமல் கைவிட்டது. பல ஆண்டுகள் அது சேகரிப்பாளர்களின் பேச்சில் மட்டும் உயிரோடு இருந்தது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சூப்பர்7 நிறுவனம் 2013இல் அந்த மாதிரிகளை அடியொற்றிப் பொம்மைகளை வெளியிட்டது. பக்கி ஓஹேர் என்ற காமிக்ஸ் முயல் வீரனின் வரிசையிலும் இதே கதை. 1990களின் தொடக்கத்தில் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட பொம்மைகளில் ஜென்னி என்ற பெண் பாத்திரம் வரவே இல்லை; வரிசை பாதியில் நின்றுவிட்டது. பாஸ் ஃபைட் அந்தக் கதையின் உரிமத்தை வாங்கியதும் ஜென்னியைச் செய்தது. கால் நூற்றாண்டாக அலமாரியில் காலியாக இருந்த இடம் நிரம்பியது. பெருநிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்கு இப்படி ஓர் இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்டிருக்காது.

யார் சொல்வதைக் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதிகம் பேசுகிறவர் அதிகம் வாங்குகிறவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு பொம்மையில் முப்பது மூட்டுகள் வேண்டும் என்று வலியுறுத்தும் பத்துப் பேரின் பின்னால், மூட்டுக்கோடுகள் சிற்பத்தின் அழகைக் கெடுக்கின்றன என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும் நூறு பேர் இருக்கலாம். எல்லாரும் ஒரே மூச்சில் அதிக வண்ணம், அதிக ஆயுதம், குறைந்த விலை கேட்பார்கள். கண்ணுக்கு ஒரு நிறம் கூடினால் ஆலையில் இன்னொரு வண்ணப்பதிவு, இன்னொரு ஆளின் நேரம். இந்தக் கணக்கைத் திறந்து காட்டி, "இதைச் செய்தால் விலை இவ்வளவு கூடும், வேண்டுமா?" என்று கேட்கத் துணிகிறவர்கள் குறைவு.

படைவீரர்கள் விஷயத்தில் கேட்டதற்குப் பலன் கிடைத்தது. பெயரில்லாத சிப்பாய்களை ஐந்து, பத்து என்று வாங்கி அணிவகுக்க வைக்க விரும்புகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். கடைகளுக்குப் போகும் பெட்டியிலோ நாயகன் மூன்றும் சிப்பாய் ஒன்றும் இருக்கும். பெண் பாத்திரமும் ஒன்றே ஒன்றுதான். நாயகன்கள் விற்காமல் தூசி படிவார்கள், சிப்பாய் முதல் நாளே தீர்ந்துவிடுவான். நேரடி விற்பனையில் அந்தக் கட்டாயம் இல்லை. யார் எதை எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டதைச் செய்தால் போதும்.

மறுவெளியீட்டில் நிலைமை சிக்கலானது. நாற்பது டாலருக்கு விற்ற உருவம் மறுவிற்பனைச் சந்தையில் முந்நூறு டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தவறவிட்டவர்கள் மீண்டும் செய்யச் சொல்கிறார்கள். விலை ஏறும் என்று பதுக்கியவர்கள் எதிர்க்கிறார்கள். ஃபோர் ஹார்ஸ்மென் பழைய உருவங்களில் எவை மீண்டும் வர வேண்டும் என்று ரசிகர்களின் வாக்குக்கு விட்டு, வென்றவற்றைத் தனி வரிசையாக வெளியிட்டது. எனக்கு இதில் தயக்கமே இல்லை: பொம்மையை நேசித்து வாங்குகிறவரின் பக்கம்தான் நிறுவனம் நிற்க வேண்டும். மறுவிற்பனை லாபத்தில் ஒரு சென்ட்கூட சிற்பிக்குப் போவதில்லை.

சிறு நிறுவனங்களின் வழியைப் பெருநிறுவனமும் எடுத்துக்கொண்டது. ஹாஸ்ப்ரோ 2018இல் ஹாஸ்லேப் என்ற பெயரில், ஸ்டார் வார்ஸில் வரும் ஜப்பா என்ற பாத்திரத்தின் பாய்மரப் படகை 499.99 டாலருக்கு அறிவித்தது. 5,000 பேர் சேர்ந்தால் செய்வோம் என்றார்கள். 8,810 பேர் சேர்ந்தார்கள். ஆனால் 2021இல் ரேங்கோர் என்ற மிருகத்துக்கு 9,000 பேர் தேவைப்பட்டபோது எண்ணிக்கை எட்டவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. ஹாஸ்ப்ரோ அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடும். சிறு நிறுவனத்துக்கு அப்படி ஒரு தோல்வி, அந்த ஆண்டின் முழு வருமானத்தையும் விழுங்கிவிடும். ரசிகர்களின் பாசத்தை வைத்து ஆலைக் கட்டணத்தைக் கட்ட முடியாது. 2000களின் தொடக்கத்தில் மப்பெட்ஸ் என்ற தொலைக்காட்சிப் பாவைப் பாத்திரங்களை ஓரத்தில் வந்துபோகும் பாத்திரங்கள் வரை செய்து கொடுத்து, ரசிகர்களிடம் பேசிப் பழகிப் பெயர் வாங்கிய பாலிசேட்ஸ் நிறுவனம், 2006இல் மூடப்பட்டது. அந்தப் பொம்மைகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

2025இல் வந்த வரி மாற்றம் இந்த உறவை எதிர்பாராத பக்கத்திலிருந்து உலுக்கியது. 1990களிலிருந்து அமெரிக்காவுக்குள் பொம்மைகள் இறக்குமதி வரி இல்லாமல் வந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் சீனப் பொருட்கள் மீதான புதிய வரி 145 சதவீதம் வரை போனது, மே மாதத்தில் 30 சதவீதமாக இறங்கியது. வரியைக் கட்ட வேண்டியவர் இறக்குமதி செய்பவர், அதுவும் சரக்கு நாட்டுக்குள் நுழையும் சமயத்தில். முன்பதிவு விலையோ ஓர் ஆண்டுக்கு முன்பே முடிவாகி, பணமும் வாங்கி, அச்சுக்குச் செலவாகிவிட்டது. கூடுதல் பணம் கேட்டால் வாக்குத் தவறியதாகும், கேட்காவிட்டால் லாபம் முழுக்கப் போய்விடும். இத்தகைய நேரத்தில் ஒரு நிறுவனம் தன் ரசிகர்களிடம் கணக்கைக் காட்டி உதவி கேட்க முடியுமா, முடியாதா என்பது, முந்தைய ஐந்து ஆண்டுகளில் அது எப்படிப் பேசியது என்பதைப் பொறுத்தது.

முன்பணம் கட்ட நினைக்கிறவர்கள் விளம்பரப் படத்தை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பார்ப்பது நல்லது. நிறுவனம் ஏற்கெனவே அறிவித்த வரிசை முழுவதும் வாங்கியவர்கள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டதா, அல்லது பழைய கடனை அடைக்கப் புதிய முன்பதிவைத் திறக்கிறார்களா என்பது முதல் கேள்வி. காட்டப்படுவது கணினியில் வரைந்த உருவமா, முப்பரிமாண அச்சுப்பொறியில் (3D பிரிண்டர்) எடுத்த மாதிரியா, ஆலையிலிருந்து வந்த சோதனை வார்ப்பா என்பது அடுத்தது. மூன்றுக்கும் இடையே பல மாத தூரம் இருக்கிறது. சென்ற முறை மூட்டு உடைந்தபோது என்ன செய்தார்கள் என்று முன்பு வாங்கியவர்களிடம் கேட்டால், உதிரிக் கால் வந்ததா, மன்னிப்பு மட்டும் வந்ததா, ஒன்றுமே வரவில்லையா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.